நிலக்கரிச் சாம்பலும் மரபணுவும்

"டாக்டர், இத்தனை ஆண்டுகள் சாம்பலைச் சுவாசித்துவிட்டேன். இந்தக் கெடுதல் என் பிள்ளைகளுக்கும் போகுமா?" அனல் மின் நிலையங்களில் பணியாற்றுவோர் பலர், இருமலுக்குச் சிகிச்சை பெற வரும்போது இறுதியில் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி இது.

வடசென்னை, மேட்டூர், தூத்துக்குடி அனல் மின் நிலையங்களில் நிலக்கரி எரிக்கப்படுகிறது. இந்திய நிலக்கரியின் எடையில் ஏறத்தாழ 30 முதல் 45 விழுக்காடு வரை சாம்பலாக எஞ்சுகிறது. அதில் சிலிகா, ஆர்சனிக், குரோமியம், நிக்கல் முதலியன உள்ளன. கரி முழுமையாக எரியாதபோது பென்சோபைரீன் போன்ற சேர்மங்களும் உண்டாகின்றன. இவற்றுள் படிக சிலிகா, ஆர்சனிக், பென்சோபைரீன் ஆகியவை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவை என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது.

இத்தகைய பொருள்கள் உயிரணுவிலுள்ள டி.என்.ஏ. இழைகளில் முறிவுகளை ஏற்படுத்தலாம். பெரும்பாலான முறிவுகளை உடலே செப்பனிட்டுவிடும். செப்பனிடப்படாத நிலையில் உயிரணு பிரிந்தால், உடைந்த குரோமோசோம் துண்டு உட்கருவுக்கு வெளியே சிறு புள்ளியாக நின்றுவிடும். அதனை 'நுண்ணுட்கரு' என்கிறோம். இரத்த வெள்ளையணுக்களிலோ கன்னத்தின் உட்புற உயிரணுக்களிலோ இதனை எண்ணி ஆய்வாளர்கள் பாதிப்பை மதிப்பிடுகின்றனர். புகைப்பழக்கமும் முதுமையும் இந்த எண்ணிக்கையை உயர்த்தக்கூடும். ஆகவே இச்சோதனை ஒரு தொழிலாளர் குழுவின் நிலையைக் காட்டுமே தவிர, தனியொருவருக்குப் புற்றுநோய் வருமா என்பதைச் சொல்லாது. இதற்காகப் பணம் செலவிட வேண்டியதில்லை.

இனி, பிள்ளைகளைப் பற்றிய கேள்வி. நுரையீரல், இரத்தம், கன்னம் ஆகியவற்றின் உயிரணுக்களில் ஏற்படும் சேதம் அடுத்த தலைமுறைக்குச் செல்வதில்லை. விந்தணு அல்லது கருமுட்டையில் ஏற்படும் மாற்றம் மட்டுமே செல்ல இயலும். ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதங்கள் ஆகும். எனவே குழந்தைப்பேற்றை எதிர்நோக்குவோர் சில மாதங்களுக்கு முன்பே புகையிலையைக் கைவிடுவதும், தூசி குறைந்த பிரிவில் பணி கோருவதும் நன்று. ஏற்கெனவே பிறந்து வளரும் பிள்ளைகளுக்கு உங்கள் உயிரணுச் சேதத்தால் தீங்கில்லை. உங்கள் சட்டையில் ஒட்டி வீட்டுக்கு வரும் தூசியைத்தான் தடுக்க வேண்டும்.

கடைப்பிடிக்க வேண்டியவை:

• சாம்பல் அகற்றும்போதும் கொதிகலனைத் தூய்மை செய்யும்போதும், முகத்தோடு இறுகப் பொருந்தும் என்-95 அல்லது அதனினும் மேம்பட்ட கவசம் அணிக. கைக்குட்டை போதாது.
• பணி முடிந்ததும் அங்கேயே குளித்து உடை மாற்றுக. பணியுடையை உதறாமல் தனியே துவைக்க வேண்டும்.
• பீடி, சிகரெட்டை நிறுத்துக. தூசியும் புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் பெருகும்.
• எந்த மருத்துவரிடம் சென்றாலும், எந்தப் பிரிவில் எத்தனை ஆண்டுகள் பணியாற்றினீர்கள் என்பதைக் கூறுக. ஓய்வு பெற்றவரும், ஒப்பந்தத் தொழிலாளரும் இதனை மறவாதீர்கள்.
• நிறுவனம் நடத்தும் மருத்துவப் பரிசோதனையைத் தவறவிடாமல், அறிக்கையின் படியைக் கேட்டுப் பெறுக.

மூன்று வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமல், சளியில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், சிறுநீரில் இரத்தம் ஆகியவற்றுள் எது காணப்பட்டாலும் தாமதமின்றி மருத்துவரை அணுகுங்கள். குடும்பத்தார் முதலில் கவனித்தால், அவர்களே அழைத்து வாருங்கள்.