இதமான வேகம்

நுழையும் முன்

ஒரு வண்டியால் எவ்வளவு விரைவாக ஓட முடியும் என்பது ஒரு கேள்வி. எந்த விரைவில் அது நெடுந்தொலைவு பழுதின்றி ஓடும் என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்கு விடையை வண்டி செய்த நிறுவனமே அச்சிட்டுத் தருகிறது. இரண்டாவது கேள்விக்கு விடையை ஓட்டுபவரே தேடிக் காண வேண்டும். அவ்விடை எவ்வாறு காணப்படுகிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

எல்ஜின் சாலையிலிருந்து ஒரு பயணம்

1941ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள், பின்னிரவு ஒன்றரை மணி அளவு. கல்கத்தாவின் எல்ஜின் சாலையில் இருந்த ஒரு வீட்டின் வாயிலைக் கடந்து, வாண்டரர் என்னும் ஜெர்மானிய மகிழுந்து ஒன்று வெளியேறியது. அதன் பின்னிருக்கையில் மாறுவேடத்தில் அமர்ந்திருந்தவர் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ். ஆங்கிலேய அரசு அவரை வீட்டுக்குள் வைத்து, சுற்றிலும் காவல் நிறுத்திக் கண்காணித்து வந்த காலம் அது. வண்டியை ஓட்டியவர் அவருடைய அண்ணன் சரத் சந்திர போஸின் மகன் சிசிர் குமார் போஸ். அவர் அப்போது இருபது வயது மருத்துவ மாணவர்.

வீட்டில் இதைவிடப் பெரிய ஸ்டூடிபேக்கர் வண்டியும் இருந்தது. அது பலரும் அறிந்த வண்டி ஆதலால் வாண்டரர் தேர்ந்தெடுக்கப்பட்டது. புறப்படும் நாளுக்கு முன்பே சிசிர் அதனைப் பர்த்வான் வரை ஓட்டிச் சென்று திரும்பி, வண்டியின் ஆற்றலையும் தம் ஆற்றலையும் சோதித்து அறிந்திருந்தார்.

ஹௌராவைக் கடந்து, கிராண்ட் டிரங்க் சாலை வழியே பர்த்வான், அசன்சோல் ஆகிய ஊர்களைத் தாண்டி, காலையில் தன்பாத்தை அடுத்த பராரியில் இருந்த சிசிரின் அண்ணன் வீட்டை அவர்கள் அடைந்தனர். 250 கிலோமீட்டருக்கு மேற்பட்ட அத்தொலைவைக் கடக்க ஏறத்தாழ ஏழு மணி நேரம் ஆயிற்று. அன்றிரவு கோமோ நிலையத்தில் நேதாஜி தொடர்வண்டி ஏறினார்.

வாண்டரர் மகிழுந்தின் உச்ச வேகம் மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் சற்று மேல். ஆனால் அவ்விரவில் அதன் சராசரி வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரை ஒட்டியே அமைந்தது. தப்பிச் செல்லும் வண்டி ஏன் பறந்து செல்லவில்லை? வழியில் ஓர் அச்சு முறிந்தாலோ, ஒரு டயர் வெடித்தாலோ, நீர் கொதித்து வண்டி நின்றாலோ பயணமே பாழாகியிருக்கும். நேரத்தில் சென்று சேர்வதே அன்றைய தேவை. அதற்கு வேண்டியது உச்ச வேகம் அன்று; வண்டியும் சாலையும் ஓட்டுநரும் தாங்கும் வேகமே.

எது பழைய மகிழுந்து?

முதன்முறை பதிவு செய்யப்பட்டு 50 ஆண்டுகள் கடந்த, பெரிய மாற்றங்கள் செய்யப்படாத வண்டியை இந்திய அரசு பழம்பெரும் ஊர்தியாக ஏற்கிறது. இதற்கான விதிகள் 2021இல் வெளிவந்தன. இவ்வண்டிகளின் பதிவெண்ணில் ‘வி.ஏ.’ என்னும் எழுத்துகள் இடம்பெறும். கண்காட்சி, அணிவகுப்பு, ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்ற தேவைகளுக்காக இவற்றைச் சாலையில் ஓட்டலாம். அன்றாடப் பயணத்திற்கும் வணிகத்திற்கும் பயன்படுத்தலாகாது.

கொல்கத்தாவில் இவ்வண்டிகளுக்குத் தனி மதிப்பு உண்டு. ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் 1968 முதல் இந்நகரில் பழைய மகிழுந்து அணிவகுப்பை நடத்தி வருகிறது. நகரை அடுத்த உத்தர்பாராவில்தான் 2014 வரை அம்பாசிடர் மகிழுந்து உருவாயிற்று. அதன் தொடக்க கால வண்டிகள் இன்று ஐம்பது வயதைக் கடந்துவிட்டன.

வேகத்தை வரையறுக்கும் உறுப்புகள்

பழைய மகிழுந்தின் இதமான வேகத்தை எஞ்சின் மட்டும் தீர்மானிப்பதில்லை. எஞ்சின், பிரேக், டயர், குளிர்விக்கும் அமைப்பு ஆகிய நான்கும் கூடித் தீர்மானிக்கின்றன. இவற்றுள் எது மெலிந்ததோ அதுவே வண்டியின் எல்லை.

முதலாவது எஞ்சின். பழைய எஞ்சின்கள் பலவற்றில் உருளையின் அகலத்தைவிட பிஸ்டன் செல்லும் தொலைவு மிகுதி. வாண்டரரின் பிஸ்டன் ஒருமுறை மேலிருந்து கீழே வர 100 மில்லிமீட்டர் செல்லும். மீண்டும் மேலேற இன்னொரு 100 மில்லிமீட்டர். எனவே எஞ்சின் நிமிடத்திற்கு 2,000 முறை சுழன்றால் பிஸ்டன் 400 மீட்டர் ஓடுகிறது. 3,400 முறை சுழன்றால் 680 மீட்டர் ஓடுகிறது. ஒவ்வொரு முறையும் அது நின்று திசை திரும்ப வேண்டும். சுழற்சி இருமடங்கானால் அத்திருப்பத்தில் தண்டுகள் தாங்க வேண்டிய விசை நான்கு மடங்காகும்.

அவ்விசையைத் தாங்குபவை தாங்கிகள். அக்கால எஞ்சின்கள் பலவற்றில் வெள்ளீயம், ஆண்டிமனி, செம்பு ஆகியவை கலந்த மென்மையான உலோகத்தை உருக்கி வார்த்துத் தாங்கி அமைத்தனர். சுமார் 240 பாகை செல்சியசில் இக்கலவை உருகத் தொடங்கும். எண்ணெய்ப் படலம் அறுந்தால் உராய்வின் வெப்பமே தாங்கியை உருக்கிவிடும். அதனைப் புதிதாக வார்க்கத் தெரிந்த கைவினைஞர்கள் இன்று அரிதாகி வருகின்றனர்.

இரண்டாவது பிரேக். பழைய வண்டிகளில் இருப்பவை உருளை வடிவ டிரம் பிரேக்குகள். தொடர்ந்து அழுத்தினால் அவை சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். ஓடும் வண்டியின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், வேகம் இரட்டித்தால் நிறுத்தத் தேவையான தொலைவு நான்கு மடங்காகும். ஒரு வண்டியின் வேகத்தை அதன் பிரேக் நொடிக்கு நொடி 4 மீட்டர் வீதம் குறைப்பதாகக் கொள்வோம். மணிக்கு 40 கிலோமீட்டரில் அது சுமார் 15 மீட்டரில் நிற்கும். 80 கிலோமீட்டரில் சுமார் 62 மீட்டர் வேண்டும். ஓட்டுநர் உணர்ந்து செயற்பட ஒரு நொடி ஆகும் எனில், மொத்தத் தொலைவு முறையே 26 மீட்டருக்குச் சற்று மேலும் 84 மீட்டரும் ஆகும்.

மூன்றாவது டயர். இரப்பர் பயன்படுத்தாவிட்டாலும் முதுமை அடையும். ஆண்டுக்கு ஓரிரு முறையே வெளிவரும் வண்டியின் டயர் தேய்ந்திராது. வரிகள் புதியன போலவே தோன்றும். ஆனால் பக்கச் சுவரில் நுண்ணிய வெடிப்புகள் ஓடியிருக்கும். விரைவும் வெப்பமும் கூடும்போது அத்தகைய டயர் எச்சரிக்கையின்றிக் கிழியும்.

நான்காவது குளிர்விக்கும் அமைப்பு. ஃபோர்டு ‘டி’ வகை வண்டிகள் பெரும்பாலானவற்றிலும், ஆஸ்டின் செவன் போன்ற தொடக்க கால வண்டிகளிலும் நீரைச் சுழற்றத் தனிப் பம்பு கிடையாது. சூடான நீர் தானே மேலெழுந்து ரேடியேட்டரில் குளிர்ந்து கீழிறங்கும். எதிர்க்காற்று வீசினால்தான் அது நன்கு குளிரும். எனவே இவ்வண்டிகளுக்கு மிகுந்த வேகம் மட்டுமன்று, மிகக் குறைந்த வேகமும் பகை. டிராமுக்குப் பின்னால் ஊர்ந்தும் சைகை விளக்குகளில் நின்றும் செல்லும் கொல்கத்தா நெரிசலில் நீர் கொதித்துவிடும். உயர்ந்த கியரில் மிக மெதுவாக ஓட்டினால் எஞ்சின் திணறித் தாங்கிகளும் அடிபடும். ஆகவே இதமான வேகத்திற்கு மேல் எல்லை இருப்பதுபோல் கீழ் எல்லையும் உண்டு.

காணும் முறை

உச்ச வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தொடக்கக் கணிப்பாகக் கொள்வது பழைய வண்டி ஓட்டுவோரின் வழக்கம். அது வண்டி புதிதாக இருந்தபோது இருந்த வலிமையை ஒட்டிய கணிப்பு. இன்றைய வலிமையைச் சோதித்தே அறிய வேண்டும்.

முதலில் டயர்க் காற்று, எண்ணெய், நீர், பிரேக் ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். எஞ்சின் நன்கு சூடாகும் வரை மெதுவாக ஓட்ட வேண்டும். பின்னர், நெரிசல் இல்லாத சமமான சாலையில், மணிக்கு 30 கிலோமீட்டரில் தொடங்கி, ஐந்தைந்து கிலோமீட்டராக வேகத்தை உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் சில நிமிடங்கள் நிலையாக ஓட்ட வேண்டும். ஒவ்வொரு படியிலும் எண்ணெய் அழுத்தம், நீரின் வெப்பம், ஒலி, அதிர்வு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அப்போது ஓர் உண்மை புலப்படும். அதிர்வு சீராக உயர்ந்துகொண்டே செல்வதில்லை. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் கண்ணாடியும் கதவும் நடுங்கும். அதனைச் சற்றுத் தாண்டினால் நடுக்கம் அடங்கும். மேலும் விரைந்தால் மீண்டும் தொடங்கும். ஒவ்வோர் உறுப்புக்கும் இயல்பான அதிர்வெண் ஒன்று உண்டு. எஞ்சினின் அதிர்வு அதனோடு ஒத்துப்போகும்போது நடுக்கம் பெருகுகிறது. இரண்டு நடுக்கங்களுக்கு இடையே வண்டி அமைதியாக ஓடும் பகுதியிலேயே பெரும்பாலும் இதமான வேகம் அமைந்திருக்கும்.

சோதனை முடிந்ததும் வண்டியை நிறுத்திச் சக்கரக் குடத்தின் அருகே கையைக் கொண்டுசென்று பார்க்க வேண்டும். ஒரு சக்கரம் மட்டும் மிகுதியாகச் சூடாக இருந்தால் அதன் தாங்கியிலோ பிரேக்கிலோ குறை உண்டு. அதனைச் சரிசெய்யும் வரை கண்டறிந்த வேகம் செல்லாது. இறுதியாக ஒன்று: எஞ்சினின் ஆற்றல் முழுவதையும் செலவிடாமல், மிதியில் சிறிது இடம் எஞ்சியிருக்க வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 80 கிலோமீட்டருக்கு உயரும்போது காற்றின் தடையை வெல்லத் தேவைப்படும் திறன் இரு மடங்கிற்கும் மேலாகிறது. எஞ்சியிருக்கும் அச்சிறு வலிமையே ஒரு மேட்டிலும் எதிர்க்காற்றிலும் கைகொடுக்கும்.

வலி அறிதல்

திருக்குறளில் ‘வலியறிதல்’ என்றோர் அதிகாரம் உண்டு. மெல்லிய மயிலிறகே ஆனாலும் அளவை மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று அதில் வள்ளுவர் உணர்த்துகிறார். வண்டியின் வலிமையை அறியாது செலுத்துவோருக்கு அவ்வுவமை நேரடியாகவே பொருந்தும்.

சிசிர் போஸ் ஓட்டிய வாண்டரர் இன்றும் எல்ஜின் சாலையில், நேதாஜி பவனத்தில் உள்ளது. வாண்டரர் நிறுவனம் 1932இல் ஆடி உள்ளிட்ட வேறு மூன்று நிறுவனங்களோடு இணைந்தது. அந்நான்கையும் குறிப்பவையே ஆடி வண்டிகளின் முகப்பில் காணும் நான்கு வளையங்கள். அந்நிறுவனத்தின் துணையோடு பழைய வண்டி மீண்டும் ஓடும் நிலைக்குச் செப்பனிடப்பட்டது. 2017 ஜனவரி 18இல் அன்றைய குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி அதனை மக்கள் பார்வைக்குத் திறந்து வைத்தார். அதைக் காணச் செல்லும் மாணவர், அதன் வேகமானியில் பொறித்துள்ள மிகப்பெரிய எண்ணை மட்டும் பார்த்துத் திரும்பலாகாது. அந்த இரவில் அதன் முள் அவ்வெண்ணுக்கு வெகு கீழே நின்றே, ஒரு விடுதலைப் போராட்டத்தின் போக்கை மாற்றியது.

சொற்பொருள்

இதமான – நோவு தராத, ஏற்ற
பின்னிரவு – நள்ளிரவுக்குப் பிந்திய நேரம்
தாங்கி – சுழலும் தண்டைத் தாங்கும் உறுப்பு
இருமடி – ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கிய அளவு
சக்கரக் குடம் – சக்கரத்தின் நடுப்பகுதி
வலி – வலிமை

பயிற்சிகள்

அ. ஓரிரு சொற்களில் விடை தருக.
1. வாண்டரர் மகிழுந்தை ஓட்டிச் சென்றவர் யார்?
2. அம்பாசிடர் மகிழுந்து உருவான ஊர் எது?
3. பழம்பெரும் ஊர்தியின் பதிவெண்ணில் இடம்பெறும் எழுத்துகள் யாவை?

ஆ. இரண்டு அல்லது மூன்று தொடர்களில் விடை தருக.
1. தேயாத டயரும் பழுதடைந்திருக்கக்கூடும். எவ்வாறு?
2. மிகக் குறைந்த வேகமும் பழைய வண்டிக்குப் பகை ஆவது ஏன்?
3. அதிர்வு ஒரு வேகத்தில் பெருகிப் பின் அடங்குவதற்குக் காரணம் யாது?

இ. கணக்கிடுக.
பிஸ்டன் ஒருமுறை செல்லும் தொலைவு 100 மில்லிமீட்டர். எஞ்சின் நிமிடத்திற்கு 2,500 முறை சுழன்றால் பிஸ்டன் ஒரு நிமிடத்தில் எத்தனை மீட்டர் ஓடும்?

ஈ. பிரித்து எழுதுக.
பின்னிருக்கை, வலியறிதல், எதிர்க்காற்று, அவ்வண்டி

உ. சிந்தித்து எழுதுக.
உங்கள் வீட்டில் உள்ள பழைய பொருள் ஒன்றை (மிதிவண்டி, தையல் எந்திரம், மாவரைக்கும் எந்திரம் போன்ற ஒன்றை) உற்று நோக்குக. அதனைப் பழுதின்றி இயக்க உங்கள் வீட்டார் கடைப்பிடிக்கும் முறைகளைக் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.