பாடு சீட்டும் ஏரி வெள்ளமும்



நிகழ்தகவுப் பாடத்தில் நாணயம் சுண்டியும் பகடை உருட்டியும் பல கணக்குகள் செய்திருக்கிறோம். அதே பாடம் பழவேற்காட்டு ஏரிக்கரையில் வேறு உருவில் விளங்குகிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் ‘பாடு’ என்னும் பழைய முறை உண்டு. ஏரியில் வலை கட்டும் இடங்களை மீனவர்கள் சீட்டுக் குலுக்கிப் பங்கிட்டுக்கொள்வார்கள். பத்துச் சீட்டுகளில் மிக நல்ல இடம் ஒன்று இருந்தால், அது முதலில் எடுப்பவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு 1/10. கடைசியில் எடுப்பவருக்கும் அதே 1/10 தான். முந்தினவர், பிந்தினவர் என்ற வேற்றுமை இல்லை.

இனி அந்தச் சீட்டுகளை ஆண்டுகளாக எண்ணிப் பார்ப்போம். வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறு பெருகி ஏரியில் கலக்கும். முகத்துவாரம் மணலால் தூர்ந்திருந்தால் நீர் எளிதில் கடலுக்கு வடியாது. ஒருவர் 9 ஆண்டுகளாக வெள்ளம் ஏறிய உயரங்களைச் சுவரில் கோடிட்டு வைத்து, மிக உயர்ந்த கோட்டின் அளவுக்கு வீட்டுத் தரையை உயர்த்துகிறார் என்று கொள்வோம். இனி அச்சமில்லை என்று சொல்லலாமா?

வரும் ஆண்டையும் சேர்த்தால் 10 அளவுகள். அவற்றைச் சிறியது முதல் பெரியது வரை வரிசைப்படுத்துவோம். ஆண்டுகள் யாவும் ஒரே தன்மையுடையவை, ஒன்றையொன்று பாதிக்காதவை என்றால், மிகப் பெரிய அளவு எந்த ஆண்டுக்கு உரியது என்பதில் எல்லா ஆண்டுகளுக்கும் சம வாய்ப்பே. ஆகவே வரும் ஆண்டு வெள்ளம் அந்தக் கோட்டைத் தாண்டும் வாய்ப்பு 1/10. அடுத்த 9 ஆண்டுகளுக்குள் ஒரு முறையேனும் தாண்டும் வாய்ப்போ 9/18, அதாவது சரிபாதி! இதைக் கணக்கிட்டபோது நாங்கள் திகைத்துப் போனோம்.

99 ஆண்டுகளின் அளவுகள் தெரிந்திருந்தால், அடுத்த ஆண்டு அவை எல்லாவற்றையும் மிஞ்சும் வாய்ப்பு 1/100 ஆகக் குறையும். முதியோரின் நீண்ட நினைவுக்கு இத்தனை மதிப்பு உண்டு. ஆயினும் முகத்துவாரம் மேலும் தூர்ந்தாலோ கடல்மட்டம் உயர்ந்தாலோ ஆண்டுகள் ஒரே தன்மையுடையனவாக இரா. ஆபத்து இந்தக் கணக்கையும் மிஞ்சும். நாம் கண்டதில் பெரியதே கடைசி எல்லை அல்ல என்பதை 2004 டிசம்பர் 26-இல் வந்த ஆழிப்பேரலை நம் கடற்கரைக்குக் கண்ணீரோடு கற்பித்தது.

ஆகவே, தோழியரே, தாத்தா பாட்டியரிடம், “எந்த ஆண்டில் எவ்வளவு உயரம் வந்தது?” என்று கேட்டு எழுதி வைப்போம். வீடு கட்டும் பெற்றோரிடம், கோட்டுக்கு மேலும் ஒரு முழம் உயர்த்தச் சொல்வோம். இறைவன் காப்பார் என்பது நம் விசுவாசம். அவர் தந்த அறிவைப் பயன்படுத்துவது நம் கடமை.