கேள்வி கேட்ட தம்பிக்கு என்ன பதில்?

உங்கள் பள்ளியில் அறிவியல் மன்றம் ஒன்று இருக்கலாம். அல்லது நட்சத்திரம் பார்ப்பதிலோ, வானொலிப் பெட்டி கட்டுவதிலோ, கணிதப் புதிர்களிலோ ஆர்வமுள்ள ஐந்தாறு பேர் வாரம் ஒருமுறை கூடும் குழு இருக்கலாம். ஏழாம் வகுப்பிலிருந்து ஒரு தம்பி அங்கே புதிதாக வந்து சேருகிறான். இரண்டாம் வாரமே ஒரு கேள்வி கேட்கிறான். பெரிய வகுப்பு அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் அது சிரிப்பாக இருக்கிறது. "இதுகூடவா தெரியாது?" என்கிறார் ஒருவர். மற்றவர்கள் சிரிக்கிறார்கள். தம்பி உட்கார்ந்துவிடுகிறான். மூன்றாம் வாரம் அவன் வருவதில்லை.

இதில் நட்டம் யாருக்கு? தம்பிக்கு என்று உடனே சொல்லிவிடுவோம். சிரித்தவர்களுக்கும் நட்டம் உண்டு. எப்படி என்பதை நம் ஊர்ப் பொம்மை ஒன்றைக் கொண்டு பார்ப்போம்.

பொம்மை ஏன் எழுந்து நிற்கிறது?

தஞ்சாவூர்ப் பொம்மையை அறியாதவர் உண்டா? ராஜாவும் ராணியுமாக அமர்ந்திருக்கும் அந்தப் பொம்மையை எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஆடி ஆடி மறுபடி நிமிர்ந்துவிடும். காரணம் கேட்டால், "அடியில் கனம் இருக்கிறது, அதனால் விழாது" என்று எல்லோரும் சொல்வார்கள்.

இப்போது நம் தம்பி கேட்கிறான்: "நான் ஒரு டம்ளரில் பாதிவரை ஈர மணலைப் போட்டு அழுத்தினேன். அதற்கும் அடியில்தான் கனம். தள்ளினால் விழுந்து அப்படியே கிடக்கிறது. ஏன் எழுந்து நிற்கவில்லை?"

இது சிரிப்பதற்குரிய கேள்வியா? சற்றே எண்ணிப் பாருங்கள். "அடியில் கனம்" என்பது முழு விடையானால் டம்ளரும் எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. ஆகவே நாம் இதுவரை சொல்லிவந்த விடையில் பாதிதான் இருக்கிறது.

மீதிப் பாதி பொம்மையின் அடிப்பாகத்தின் வடிவத்தில் உள்ளது. அது ஒரு பந்தின் கீழ்ப்பகுதியைப் போல உருண்டையாக இருக்கிறது. அந்தப் பந்து முழுமையாக இருந்தால் அதன் மையம் எங்கே இருக்குமோ, அந்தப் புள்ளியை வளைவு மையம் என்போம். பொம்மை எப்படிச் சாய்ந்தாலும், அது தரையைத் தொடும் புள்ளி வளைவு மையத்துக்கு நேர் கீழேதான் இருக்கும். பொம்மையின் எடை முழுவதும் செயல்படுவதாகக் கொள்ளப்படும் புள்ளி ஈர்ப்பு மையம். இது வளைவு மையத்துக்குக் கீழே அமைந்திருந்தால், பொம்மை வலப்புறம் சாயும்போது ஈர்ப்பு மையம், தரையைத் தொடும் புள்ளிக்கு இடப்புறமாக நகர்ந்துவிடும். எனவே எடை அதை இடப்புறம் திருப்பி நிமிர்த்துகிறது. ஈர்ப்பு மையம் வளைவு மையத்துக்கு மேலே இருந்தால், அதே எடை பொம்மையை மேலும் சாய்த்துக் கீழே தள்ளிவிடும்.

டம்ளருக்கு அடி தட்டை. கொஞ்சம் சாய்த்தால் அதுவும் திரும்ப நிமிரும். ஈர்ப்பு மையம் அடி விளிம்பைத் தாண்டிவிட்டால் விழுந்துவிடும். விழுந்த பிறகு அதை எழுப்பி நிறுத்த வளைந்த அடி இல்லை. ஆக, உருண்டையான அடியும் தாழ்ந்த ஈர்ப்பு மையமும் ஆகிய இரண்டும் சேர்ந்தால்தான் பொம்மை. தம்பி கேட்டிராவிட்டால், அரை விடையையே முழு விடை என்று நம்பிக்கொண்டு நாம் இருந்திருப்போம்.

பட்டமில்லாத இளைஞரும் ஒரு சங்கமும்

தஞ்சாவூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் கும்பகோணம். புதியவரை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு அவ்வூரில் வளர்ந்த ஒருவரின் வரலாறு நல்ல சான்று. அவர் சீனிவாச இராமானுஜன் (1887–1920).

இராமானுஜன் பெயரைக் கேட்டதும் மேதை என்கிறோம். 1910-ஆம் ஆண்டில் அவர் நிலை என்ன? கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கிடைத்த உதவித்தொகையை, கணிதம் தவிர மற்றப் பாடங்களில் கவனம் செலுத்தாததால் இழந்திருந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. கையில் கணித நோட்டுப் புத்தகங்கள் இருந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த வி. இராமசுவாமி ஐயரைப் பார்க்கப் போனார். கேட்டது ஒரு குமாஸ்தா வேலை.

இராமசுவாமி ஐயர் பார்த்த உத்தியோகம் வருவாய்த் துறையில், மனம் கணிதத்தில். நல்ல கணித நூல்களும் இதழ்களும் தனியொருவர் வாங்க முடியாத விலையில் இருந்த காலம் அது. ஆகவே 1907-இல் அவர் 20 பேரைச் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கினார். சந்தா திரட்டி இதழ்களை வரவழைத்து உறுப்பினர்களுக்குள் சுற்றுக்கு விடுவது திட்டம். அதுவே பின்னர் இந்தியக் கணிதச் சங்கம் ஆயிற்று. சங்கத்தின் இதழில் வாசகர்கள் கணக்குகளைக் கேள்வியாக விடுப்பார்கள். மற்ற வாசகர்கள் விடை எழுதுவார்கள்.

தேர்வில் தேறாத இளைஞரை இராமசுவாமி ஐயர் திருப்பி அனுப்பிவிடவில்லை. நோட்டுப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தார். குமாஸ்தா வேலை இவரை முடக்கிவிடும் என்று கருதி, சென்னையிலிருந்த கணித அன்பர்களுக்கு அறிமுகக் கடிதங்கள் கொடுத்தார். 1911-இல் இராமானுஜனின் கேள்விகளும் முதல் ஆய்வுக் கட்டுரையும் சங்கத்தின் இதழில் வெளிவந்தன.

அக்கட்டுரை எளிதில் அச்சேறிவிடவில்லை. எழுத்து மிகச் சுருக்கமாகவும் தெளிவில்லாமலும் இருந்தது, படிப்பவருக்கு விளங்காது. இதழாசிரியர் எம்.டி. நாராயண ஐயங்கார் அதைக் குப்பைக் கூடையில் போட்டிருக்கலாம். "ஆகா, அற்புதம்" என்று புகழ்ந்து அப்படியே வெளியிட்டிருக்கவும் கூடும். இரண்டையும் செய்யாமல், எங்கே விளங்கவில்லை என்று சுட்டிக் காட்டித் திருத்தத்துக்காகப் பலமுறை திருப்பி அனுப்பினார். 1913-இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டி எழுதிய பதிலும் இத்தகையதே. ஆர்வத்தோடு பாராட்டிய அவர், நிரூபணங்களை அனுப்பும்படியும் கேட்டார். குறையைச் சொல்வது கடுமையாகாது. எங்கே குறை என்று காட்டி, மறுபடி முயலச் சொல்வதே புதியவருக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உதவி.

வேர்க்குறிச் சங்கிலி

1911-இல் இராமானுஜன் விடுத்த கேள்விகளுள் ஒன்றை நீங்களும் செய்து பார்க்கலாம். இதன் மதிப்பு என்ன?

√(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + … )))) = ?

மூன்று இதழ்கள் வந்தன. ஆறு மாதம் ஆயிற்று. எவரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் இராமானுஜனே விடை தந்தார்: 3.

வழி எளிது. 3 = √9 = √(1 + 2 × 4). இங்குள்ள 4 = √16 = √(1 + 3 × 5). அங்குள்ள 5 = √25 = √(1 + 4 × 6). இப்படியே சங்கிலி நீண்டுகொண்டே போகும்.

இங்கும் நம் தம்பி கையைத் தூக்குகிறான்: "இதே முறையில் விடை 4 என்றும் காட்டலாமே! 4 = √16 = √(1 + 2 × 7.5). அந்த 7.5 = √56.25 = √(1 + 3 × 18.4166…). இப்படியே போய்க்கொண்டிருக்கலாம் அல்லவா?"

சிரித்துவிடாதீர்கள். மேலே சொன்ன வழியில் உள்ள உண்மையான இடைவெளி இதுதான். எதையாவது உள்ளே வைத்துச் சங்கிலியை நீட்டுவது நிரூபணம் ஆகாது. சங்கிலியை ஓரிடத்தில் வெட்டிக் கணக்கிட்டு, வெட்டும் இடத்தைத் தள்ளிக்கொண்டே போனால் விடை எதை நெருங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

√(1 + 2) = 1.73
√(1 + 2√(1 + 3)) = 2.24
√(1 + 2√(1 + 3√(1 + 4))) = 2.56

இன்னொரு படி சென்றால் 2.76 வரும். மதிப்பு ஏறிக்கொண்டே போய் 3-ஐ நெருங்குகிறது, 3-ஐத் தாண்டுவதில்லை. தம்பியின் கேள்வியால் நாம் "எல்லை" என்னும் உயர்கணிதக் கருத்தின் வாசலுக்கே வந்துவிட்டோம்.

கேலிக்கு ஆளான மாணவர்

எல்லாக் கேள்விக்கும் இப்படிப்பட்ட வரவேற்பு கிடைப்பதில்லை. இன்று தான்சானியா எனப்படும் நாட்டில் 1963-இல் எராஸ்டோ எம்பெம்பா என்ற பள்ளி மாணவர் ஐஸ்கிரீம் செய்யும்போது ஒன்றைக் கவனித்தார். காய்ச்சிய பாலைச் சூடாகவே குளிர்பெட்டியில் வைத்தார். அது, காய்ச்சாமலே வைக்கப்பட்ட நண்பரின் பாலுக்கு முன்பே உறைந்துவிட்டது. காரணம் கேட்டபோது, "நீ குழம்பியிருக்கிறாய்" என்று பதில் வந்தது. பின்னர் வேறு பள்ளியில் கேட்டபோது, அது உலகத்தின் இயற்பியல் அன்று, எம்பெம்பாவின் இயற்பியல் என்று ஆசிரியர் கேலி செய்தார். அதன்பின் அவர் கணக்கில் தவறு செய்தாலும் வகுப்பில் அவர் பெயரைச் சொல்லிக் கேலி செய்யும் வழக்கம் ஏற்பட்டது.

ஒருநாள் தாருஸ்ஸலாம் பல்கலைக்கழகக் கல்லூரியிலிருந்து டெனிஸ் ஆஸ்பர்ன் என்ற இயற்பியல் பேராசிரியர் அப்பள்ளிக்கு வந்தார். எம்பெம்பா அதே கேள்வியை அவரிடமும் கேட்டார். உடன் படித்தவர்கள் சிரித்தார்கள். ஆஸ்பர்னுக்கும் நம்பிக்கை வரவில்லை. ஆயினும் "சோதித்துப் பார்க்கிறேன்" என்று சொல்லிச் சென்று, அவ்வாறே சோதிக்கவும் செய்தார். 1969-இல் இருவர் பெயரிலும் கட்டுரை வெளிவந்தது.

வெந்நீர் உண்மையில் முதலில் உறைகிறதா, எந்தச் சூழ்நிலையில் உறைகிறது என்பது பற்றி இன்றும் அறிவியலார் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வு அந்த விளைவையே ஐயுற்றது. ஆகவே எம்பெம்பா சொன்னது முற்றிலும் சரி என்பது இங்கே செய்தியன்று. தவறாகத் தோன்றிய கேள்வியைச் சிரித்துத் தள்ளாமல் சோதனைக்கு எடுத்துச் சென்றார் ஒருவர். அறிவியலின் வழி அதுதான்.

நாம் செய்யக்கூடியவை

உங்கள் மன்றத்தில் புதியவர் ஒருவர் கேள்வி கேட்டால், முதலில் "நீ என்ன செய்தாய்? என்ன பார்த்தாய்?" என்று கேளுங்கள். டம்ளரும் மணலும் அப்போதுதான் வெளியே வரும். விடை தெரியாவிட்டால் "தெரியாது, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள். பேராசிரியரே சொன்னதை நாம் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. கேள்வி தவறான எண்ணத்தில் பிறந்திருந்தால் தவறு என்று தெளிவாகச் சொல்லலாம். கேட்டதைப் பற்றிச் சொல்லுங்கள். கேட்டவனைப் பற்றி வேண்டாம். "புத்தகத்தில் இருக்கிறது, போய்ப் படி" என்று அனுப்புவதானால் எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்றும் சொல்லி அனுப்புங்கள். ஒரே கேள்வியை ஆண்டுதோறும் கேட்டு உங்களுக்கு அலுத்துப் போயிருக்கலாம். கேட்பவனுக்கு அது முதல் தடவை அல்லவா?

காவிரிப் பாசனத்தில் கல்லணையைத் திறந்ததோடு வேலை முடிவதில்லை. கடைமடை வயலுக்குத் தண்ணீர் எட்டும்வரை வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மன்றத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பியும் தங்கையும் நம் கடைமடை.

செய்து பாருங்கள்: ஒரு பாதிக் கொட்டாங்கச்சியின் அடியில் களிமண்ணை அப்பிக் காயவிடுங்கள். தடித்த தாளைக் கூம்பாகச் சுருட்டி அதன்மேல் ஒட்டுங்கள். சாய்த்தால் நிமிர்கிறதா? இப்போது கூம்பின் நுனியில் சிறு சிறு களிமண் உருண்டைகளை ஒவ்வொன்றாக ஒட்டிச் சாய்த்துப் பாருங்கள். எத்தனையாவது உருண்டையில் அது நிமிர மறுக்கிறது? அந்தக் கணத்தில் ஈர்ப்பு மையம் எங்கே போயிருக்கும்? இந்தச் சோதனையை மன்றத்துக்குப் புதிதாக வந்த ஒருவர் கையால் செய்யவிட்டு, அவர் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள்.