நாளிதழ் மட்டும் நெட் தேர்வுக்குப் போதாது

கல்லூரி உதவிப் பேராசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் சுற்றுச்சூழல் அறிவியலை எடுப்பவர்களிடம் ‘இது சுலபமான பாடம்’ என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அந்தப் பேச்சை நம்பி நல்ல மாணவர்கள் வீணாவது வருத்தம் தருகிறது. அடிக்கடி காதில் விழும் சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: சுற்றுச்சூழல் என்றால் பொது அறிவுதான், தினமும் பேப்பர் படித்தால் போதும்.

உண்மை: பாடத்திட்டத்தில் 10 அலகுகள். நடப்புச் சூழல் பிரச்சினைகளுக்கு அதில் ஒரே ஓர் அலகுதான். வேதியியல், உயிரியல், புவி அறிவியல், மாசுக் கட்டுப்பாடு, சட்டம், புள்ளியியல் எல்லாம் மற்ற அலகுகளில் வருகின்றன. ஒரு கணக்கைப் பாருங்கள். 300 மில்லி பாட்டிலில் 5 மில்லி கழிவுநீர். மீதி நீர்த்தல் நீர். கரைந்த ஆக்சிஜன் முதலில் லிட்டருக்கு 8 மில்லிகிராம். 20 டிகிரி செல்சியஸில் ஐந்து நாள் வைத்த பிறகு 4. பி.ஓ.டி. எவ்வளவு? கழித்துப் பார்த்து 4 என்று குறித்தால் தவறு. கழிவுநீரை 60 மடங்கு நீர்த்திருக்கிறோம். ஆகவே விடை லிட்டருக்கு 240 மில்லிகிராம். 80 டெசிபல் ஒலி எழுப்பும் இரண்டு இயந்திரங்கள் சேர்ந்து ஓடினால் 160 ஆகாது, ஏறத்தாழ 83தான் ஆகும். டெசிபல் மடக்கை அளவுகோல். எந்த நாளிதழும் இதைக் கற்றுத்தராது.

நம்பிக்கை: ஓசோன் ஓட்டையால்தான் பூமி சூடாகிறது.

உண்மை: சூடேற்றத்தின் முதன்மைக் காரணம் கார்பன் டை ஆக்சைடு போன்ற பசுங்குடில் வாயுக்கள். ஓசோன் படலத்தைச் சிதைப்பவை குளோரோபுளோரோகார்பன் போன்ற சேர்மங்கள்; அவற்றைக் கட்டுப்படுத்தவே 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை வந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு, குளோரோபுளோரோகார்பனே வெப்பத்தையும் பிடித்துவைக்கும் வாயு. ஆனாலும் இரண்டும் வெவ்வேறு சிக்கல்கள். மேலே நம்மைக் காக்கும் ஓசோன், தரைமட்டத்தில் நுரையீரலைப் பாதிக்கும் மாசு என்பதையும் சேர்த்துப் படியுங்கள். பொதுவழக்கில் ஊறிய தவறுகள்தான் வினாத்தாளில் தவறான விடைகளாக வரிசையில் நிற்கும்.

நம்பிக்கை: சட்டங்களுக்கு ஆண்டை மனப்பாடம் செய்தால் போதும், சீனியர் கொடுத்த நோட்ஸ் இருக்கிறது.

உண்மை: நீர்ச் சட்டம் 1974, காற்றுச் சட்டம் 1981, சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986 என்று ஒப்பிப்பது தொடக்கம் மட்டுமே. நீர்ச் சட்டம் மாநிலங்களின் தீர்மானத்தின் பேரில் அரசமைப்பின் 252ஆம் பிரிவின்படி வந்தது. மற்ற இரண்டும் 1972 ஸ்டாக்ஹோம் மாநாட்டு முடிவுகளை நிறைவேற்ற 253ஆம் பிரிவின்படி வந்தவை. 1984 போபால் பேரழிவை நினைத்தால் 1986 தானாக மனதில் நிற்கும். காரணம் புரிந்தால் ஆண்டு மறக்காது. பழைய நோட்ஸ் ஆபத்தானது. வனவுயிர்ச் சட்டத்தில் ஆறாக இருந்த அட்டவணைகளை 2022ஆம் ஆண்டின் திருத்தம் நான்காகக் குறைத்துவிட்டது. தேசியக் காற்றுத் தரநிலையில் 12 மாசுகள், காற்றுத் தரக் குறியீட்டில் 8. இந்த இரண்டையும் குழப்பாதவர்கள் குறைவு.

நம்பிக்கை: தெரியாத கேள்வியை விட்டுவிடுவதுதான் பாதுகாப்பு.

உண்மை: நெட்டில் தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. மூன்று மணி நேரம், 150 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண். எதையும் காலியாக விடாதீர்கள். வேறு தேர்வு எழுதும்போது அதன் அறிவிக்கையைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

நம்பிக்கை: நெட் தேறினால் வேலை கையில்.

உண்மை: நெட் தருவது தகுதிதான். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளுக்கு ஆளெடுப்பது ஆசிரியர் தேர்வு வாரியம். அதற்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். வீட்டில் உள்ளவர்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள். தேறிய மறுமாதமே சம்பளம் வரும் என்று அவர்கள் காத்திருப்பது உங்களுக்குத்தான் சுமை.

நம்பிக்கை: கணக்கு வராதவர்கள் புள்ளியியல் அலகை விட்டுவிடலாம்.

உண்மை: ஒன்பதாவது அலகு கேட்பது டி சோதனை, கை வர்க்கச் சோதனை, புகைக்கூண்டிலிருந்து மாசு பரவுவதைக் கணக்கிடும் காஸியன் மாதிரி போன்றவற்றின் அடிப்படைகளை. பொறுமையாகப் போட்டுப் பார்த்தால் எவருக்கும் வரும். பெரும்பாலோர் கடைசிக்குத் தள்ளி, நேரமின்றிக் கைவிடும் அலகு இது. நீங்கள் இதிலிருந்தே தொடங்குங்கள்.