வரைபடம் பொய் சொல்லுமா?

கணக்கிலும் அறிவியலிலும் நாம் வரைபடம் வரைகிறோம். புள்ளி வைக்கவும் கோடு போடவும் ரொம்ப கவனம் எடுப்போம். அச்சில் எழுதுற எண்களை மட்டும் அவசரமா எழுதிடுவோம். ஆனா பார்க்கிறவங்க மனசில் என்ன பதியும் என்பதை அந்த எண்கள்தான் முடிவு செய்கின்றன. அது எப்படின்னு ஒரு உதாரணத்தோடு எழுதியிருக்கிறேன்.

நான் எடுத்துக்கொண்ட கணக்கு
மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை:
1991 – 5,58,58,946
2001 – 6,24,05,679
2011 – 7,21,47,030
2021-ல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனது. அதனால் இந்த மூன்றையும் வைத்தே பார்ப்போம்.

1. எண் படிக்கிற மாதிரி இருக்கணும்
ஒய் அச்சில் 10000000, 20000000 என்று எழுதினால் பூஜ்ஜியத்தை எண்ணியே கண் வலிக்கும். கம்ப்யூட்டர் சில நேரம் 72,147,030 என்று மூன்று மூன்றாகக் காற்புள்ளி வைக்கும். அது மில்லியன் கணக்கு. நாம் லட்சம், கோடியில் படிப்பதால் 7,21,47,030 என்று வைக்கிறோம். இதைவிட எளிய வழி, எல்லா எண்ணையும் 1 கோடியால் வகுத்துவிடுவது. 5.6, 6.2, 7.2 என்று வந்துவிடும். அச்சின் பக்கத்தில் 'மக்கள்தொகை (கோடியில்)' என்று மறக்காமல் எழுதணும். அதை விட்டுட்டா தமிழ்நாட்டில் ஏழு பேர்தான் இருக்காங்கன்னு ஆயிடும்!

எக்ஸ் அச்சில் ஆண்டு வரும். ஆண்டுக்குக் காற்புள்ளியும் வேண்டாம், தசமப்புள்ளியும் வேண்டாம். 2,011 என்றோ 2011.00 என்றோ யாரும் ஆண்டை எழுதுவதில்லை.

2. எந்த எண்ணில் தொடங்கணும்?
இதுதான் முக்கியம். 1 செ.மீ. = 1 கோடி என்று அளவுத்திட்டம் எடுத்து, 0-வில் தொடங்கிப் பட்டை வரைந்தால், உயரம் 5.6 செ.மீ., 6.2 செ.மீ., 7.2 செ.மீ. என்று வரும். 1991-ல் 100 பேர் இருந்த இடத்தில் 2011-ல் 129 பேர் என்பதுதான் உண்மை. படமும் அதையே காட்டும்.

அதே அளவுத்திட்டத்தில் அச்சை 5 கோடியில் தொடங்கிப் பாருங்க. பட்டைகள் 0.6 செ.மீ., 1.2 செ.மீ., 2.2 செ.மீ. ஆயிடும். கடைசிப் பட்டை முதல் பட்டையைப் போல கிட்டத்தட்ட நாலு மடங்கு தெரியும்! எண் ஒண்ணுகூடத் தப்பில்லை, ஆனா கண் ஏமாந்து போகும். பட்டையின் நீளம்தான் அளவைச் சொல்வது. அடியை வெட்டிட்டா அந்த நீளத்துக்கு அர்த்தம் இல்லை. அதனால் பட்டைப் படம் என்றால் 0-வில்தான் தொடங்கணும்.

3. அப்போ எப்பவும் 0 தானா?
இல்லை. காய்ச்சல்காரருக்கு வேளாவேளைக்கு வெப்பநிலை குறித்துக் கோட்டு வரைபடம் போடுவதாக வைத்துக்கொள்வோம். 10 செ.மீ. அச்சில் 0 முதல் 100 டிகிரி செல்சியஸ் எடுத்தால், 37-க்கும் 40-க்கும் இடையே 3 மில்லிமீட்டர்தான் வரும். கடும் காய்ச்சலே கண்ணுக்குத் தெரியாது. 35 முதல் 42 வரை, 1 செ.மீ. = 1 டிகிரி என்று எடுத்தால் 3 செ.மீ. ஏறும், பளிச்சென்று தெரியும். காய்ச்சல் பார்க்கும் பாதரச வெப்பமானியும் 35-ல் தொடங்கி 42-ல்தான் முடிகிறது.

இங்கே நாம் பார்ப்பது ஏற்ற இறக்கத்தை. அதனால் கோட்டு வரைபடத்தை வேறு எண்ணிலும் தொடங்கலாம். ஆனா அச்சின் அடியில் சின்னதா ஒரு நெளிவுக்கோடு போட்டு, 0 இங்கே இல்லை என்று காட்டிடணும்.

4. கம்ப்யூட்டரில் மாற்றுவது
லிப்ரே ஆபீஸ் கால்க் இலவச மென்பொருள். அதில் படத்தின் மேல் இரண்டு முறை கிளிக் செய்து, அச்சின் மேல் வலது கிளிக் செய்தால் 'ஃபார்மட் ஆக்சிஸ்' வரும்.
• அதில் மினிமம் (தொடக்க எண்), மேக்சிமம் (முடியும் எண்), மேஜர் இன்டர்வல் (இடைவெளி) இருக்கும். பக்கத்தில் உள்ள 'ஆட்டோமேட்டிக்' டிக்கை எடுத்தால் நாமே எண் கொடுக்கலாம்.
• 'நம்பர்ஸ்' பகுதியில் எத்தனை தசம இடம் வேணும் என்று சொல்லலாம்.
டிக்கை எடுக்காவிட்டால் கம்ப்யூட்டரே ஒரு தொடக்க எண்ணை எடுத்துக்கும். அது 0 ஆக இருக்கும் என்று நம்ப முடியாது. நாம்தான் பார்க்கணும்.

நினைவில் வைப்போம்
இனி செய்தித்தாளிலோ விளம்பரத்திலோ வரைபடம் வந்தால், முதலில் பட்டையைப் பார்க்காதீங்க. அச்சின் அடியில் உள்ள எண்ணைப் பாருங்க!

விடை சொல்லுங்கள்
ஒரு விளம்பரத்தில் ஒரு பொருளுக்கு 95 மதிப்பெண், இன்னொன்றுக்கு 97. அச்சு 94-ல் தொடங்குகிறது. இரண்டாவது பட்டை எத்தனை மடங்கு உயரமாகத் தெரியும்?
(விடை: 3 மடங்கு. 95 – 94 = 1; 97 – 94 = 3)


– ஒன்பதாம் வகுப்பு மாணவி