பேறுகாலத் துணை: அலிபிரிக் குடும்பங்களுக்கு

தெலுங்கில் மந்திரசானி என்றும் தமிழில் மருத்துவச்சி என்றும் அழைக்கப்பட்ட பெண்ணின் பணியை இன்று பயிற்சி பெற்ற செவிலியர் ஏற்றுள்ளதால், கருவுற்றது தெரிந்தவுடன் பதிவு செய்து, தாய்-சேய் பாதுகாப்பு அட்டையைப் பெற்று, குறைந்தது 4 முறை பரிசோதனைக்குச் செல்வது அவசியம். திருப்பதி மலைக்கோயிலுக்கு அலிபிரியில் தொடங்கும் ஏறத்தாழ 3,550 படிகளை, வேண்டுதல் இருப்பினும், மருத்துவரைக் கேட்காமல் கர்ப்பிணி ஏறுதல் தகாது.

ரத்த அழுத்தம் 140/90-ஐ எட்டினாலோ, தீராத தலைவலி, கண் மங்கல், உதிரப்போக்கு ஆகியவை தோன்றினாலோ, சிசுவின் அசைவு குறைந்தாலோ, பனிக்குடம் (சிசுவைச் சூழ்ந்த நீர்ப்பை) உடைந்தாலோ, வலி வரட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழைத்து, திருப்பதி அரசு மகப்பேறு மருத்துவமனை போன்ற வசதியுள்ள இடத்தை அடைய வேண்டும். அட்டை, ரத்த வகைச் சீட்டு, துவைத்து வெயிலில் உலர்த்திய பருத்தித் துணிகள் ஆகியவற்றை ஒரே பையில் 8-ஆம் மாதமே கட்டி வைத்தால், நள்ளிரவில் தேடும் பதற்றம் இராது.

அரசு மருத்துவமனைகளில் பேற்றுத் துணையாக ஒரு பெண் உடனிருக்க 2016-இல் மத்திய அரசு இசைவளித்தது. இவ்வுரிமையைப் பலர் கேட்பதே இல்லை என்பது வருந்தத்தக்கது. முதுகை நீவிவிட்டு, வலியின் இடைவெளியில் வாய்க்குத் தண்ணீர் தரும் அத்தையோ அக்காளோ தாயின் அச்சத்தைப் பெரிதும் தணிக்கிறார். பிறந்த 1 மணி நேரத்திற்குள் சீம்பாலை, அதாவது நோயெதிர்ப்புப் பொருள் மிகுந்த முதல் மஞ்சள் பாலைப் புகட்டுதல் வேண்டும். தேனோ சர்க்கரை நீரோ சேனையாக வைத்தல் கூடாது.