விழுந்தாலும் திறக்கக் கூடாத பூட்டு

கணினியில் ஒரு மென்பொருள் முடங்கினால் வேலை நிற்கும். சேமிக்காமல் விட்ட சில வரிகள் போகும். திரைப்பூட்டு மட்டும் அப்படியல்ல. அது முடங்கினால் பூட்டே திறந்துகொள்ளும். எதையெல்லாம் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று பூட்டிவிட்டுப் போனோமோ, அதெல்லாம் அடுத்து அந்த நாற்காலியில் உட்காருபவர் முன்னால் விரிந்து கிடக்கும். ஒரு கல்லூரி ஆய்வகத்தின் லினக்ஸ் கணினிகளைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். மாணவர்களும் ஆசிரியர்களும் மாறி மாறி உட்காரும் இடம். அங்கே பூட்டு மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது, புதுப்பிப்பது, சோதிப்பது எல்லாவற்றையும் இந்த ஒரு வேறுபாட்டை முன்னால் வைத்துத்தான் செய்கிறேன்.

காரணம் எக்ஸ்11 என்ற பழைய திரை அமைப்பில் இருக்கிறது. இன்றும் ஏராளமான லினக்ஸ் கணினிகள் அதில்தான் ஓடுகின்றன. அதை இயக்கும் எக்ஸ் சர்வருக்குப் பூட்டு என்ற ஒன்றே தெரியாது. பூட்டும் மென்பொருள் அதன் கணக்கில் உலாவி, கால்குலேட்டர் போல இன்னொரு நிரல், அவ்வளவுதான். அந்த நிரல் திரை முழுவதையும் மறைக்கும்படி ஒரு சாளரத்தைத் திறக்கும். கீபோர்டில் தட்டுவதும் மவுஸை நகர்த்துவதும் தனக்கு மட்டுமே வர வேண்டும் என்று சர்வரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். கதவே இல்லாத வாசலில் காவலாளி ஒருவரை நிறுத்தி வைப்பது போன்ற ஏற்பாடு இது. அவர் மயங்கி விழுந்தால் வாசல் திறந்த வாசல்தான்.

2021 ஜனவரியில் இதை உலகத்துக்கே காட்டியவர்கள் குழந்தைகள். லினக்ஸ் மின்ட் பயன்படுத்தும் ஒருவரின் பிள்ளைகள், பூட்டிய திரையின் முன் உட்கார்ந்து கீபோர்டையும் திரையில் தெரியும் மெய்நிகர் விசைப்பலகையையும் ஒரே நேரத்தில் கண்டபடி தட்டி விளையாடியிருக்கிறார்கள். பூட்டு விழுந்து திரை திறந்துவிட்டது. ஏதோ தற்செயல் என்று நினைத்தவரின் கண்முன்னாலேயே அவர்கள் அதை மறுபடியும் செய்து காட்டினார்கள். அவர் வழுவைப் பதிவுசெய்ய, மின்ட் குழுவினர் துருவிப் பார்த்தார்கள். மெய்நிகர் விசைப்பலகையில் மேலே கோடு போட்ட ஆங்கில ‘e’ எழுத்தை, அதாவது தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் எழுதும்போது நெடில் ஏகாரத்துக்குப் போடுவோமே, அதை அழுத்தினால் லிப்கரிபு என்ற நூலகம் முடங்குகிறது. அது முடங்கும்போது, மின்டில் திரையைப் பூட்டும் சின்னமன் ஸ்கிரீன்சேவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுகிறது.

இதில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது வேறொரு விவரம். அந்த வழு வெளியே வரக் காரணமே ஒரு பாதுகாப்பு அப்டேட். எக்ஸ் சர்வரில் இருந்த ஓர் ஓட்டையை அடைக்க வந்த திருத்தம், அதுவரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த லிப்கரிபுவைத் தடுக்கி விழவைத்தது. பூட்டின் நிரலில் யாரும் கைவைக்கவில்லை. பூட்டு சார்ந்திருந்த இன்னொன்றில், அதுவும் நல்ல நோக்கத்தோடு கைவைத்தார்கள். அதனால்தான் பூட்டு மென்பொருளுக்கு அப்டேட் வந்தால் மட்டும் சோதிப்பது போதாது என்கிறேன். எக்ஸ் சர்வர், பொத்தான்களை வரையும் ஜிடிகே நூலகம், கீபோர்டு அமைப்புகள், பேம் எனும் அடையாளச் சரிபார்ப்பு நூலகம், இவற்றில் எது மாறினாலும் ஒரு கணினியில் பூட்டிப் பார்த்து, தவறான கடவுச்சொல்லைப் போட்டுப் பார்த்து, சரியானதைப் போட்டுத் திறந்து பார்த்த பிறகே மற்றவற்றுக்கு அனுப்புகிறேன்.

2012 ஜனவரியில் வெளிப்பட்ட ஓட்டையும் இந்த வகைதான். எக்ஸ் சர்வரின் 1.11 பதிப்பு இருந்த கணினிகளில் கண்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு எண்பலகையின் பெருக்கல் குறியைத் தட்டினால் போதும், பூட்டு காணாமல் போகும். வழுநீக்கும் வேலைக்காக வைத்திருந்த ஒரு வசதி, கீபோர்டு அமைப்புகளின் வழியாக எல்லோருடைய கணினியிலும் இயல்பாகவே திறந்திருந்தது. பூட்டு நிரலில் ஒரு வரி கூடப் பிழையில்லை.

இந்த ஆபத்தைப் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதி எச்சரித்தவர் ஜேமி ஜாவின்ஸ்கி. 1992இல் எக்ஸ்ஸ்கிரீன்சேவர் என்ற திரைப்பூட்டு மென்பொருளை வெளியிட்டு இன்றுவரை கைவிடாமல் வளர்த்துவருபவர். அதில் கடவுச்சொல் கேட்கும் பெட்டி ஏன் இவ்வளவு பழங்காலத் தோற்றத்தில் இருக்கிறது என்று பலரும் அவரைக் கேட்டிருக்கிறார்கள். அழகான பொத்தான்கள் வேண்டுமானால் ஜிடிகே, க்யூடி போன்ற பெரிய நூலகங்களைப் பூட்டுக்குள் கொண்டுவர வேண்டும். அவை லட்சக்கணக்கான வரிகள். அவற்றில் எங்கோ ஒரு பிழை இருந்தாலும் பூட்டு விழும். இதுதான் அவர் சொன்ன காரணம். 2021 ஏப்ரலில் வந்த 6.00 பதிப்பில் அவர் இதை இன்னும் ஒரு படி முன்னே கொண்டுபோனார். பூட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் நிரலை மிகச் சிறியதாக்கித் தனியே வைத்தார். கடவுச்சொல் பெட்டி ஒரு தனி நிரல். திரையில் ஓடும் படங்களுக்குத் தனி நிரல்கள். படம் விழுந்தாலும் பெட்டி விழுந்தாலும் பூட்டு அப்படியே நிற்கும். ஒரு மென்பொருளை மேம்படுத்துவது என்றால் புதிதாக எதையாவது சேர்ப்பது என்றே பழகிவிட்டோம். பூட்டைப் பொறுத்தவரை, உள்ளே இருப்பதை வெளியே எடுப்பதுதான் மேம்படுத்தல் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதை நம் கணினியிலும் செய்யலாம். பூட்டிய திரையில் வானிலை, பாட்டு மாற்றும் பொத்தான், அறிவிப்புகள் என்று என்னென்ன தெரிகின்றனவோ, தேவையில்லாதவற்றை அமைப்புகளில் போய் அணைத்துவிடுங்கள். வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல் பூட்டிய திரையின்மேல் பளிச்சென்று தெரிவதும் நிற்கும். மெய்நிகர் விசைப்பலகையை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு அணைக்கச் சொல்ல மாட்டேன். கை அசைவு குறைந்தவர்களுக்கு அதுதான் வழி. அவர்கள் உட்காரும் கணினியில் அது இருக்க வேண்டும்.

புதுப்பிக்கும்போது இன்னொரு வகைச் சிக்கல் வரும். திறக்கக் கூடாதது திறப்பதல்ல, திறக்க வேண்டியது திறக்காமல் போவது. அப்டேட் போட்டால் வட்டில் இருக்கும் கோப்புதான் மாறுகிறது. நினைவகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பூட்டு பழையதுதான். அந்தப் பழைய நிரல் கடவுச்சொல்லைச் சரிபார்க்கப் புதிய நூலகத்தைக் கூப்பிடும்போது இரண்டுக்கும் ஒத்துப்போகாமல், சரியான கடவுச்சொல்லே நிராகரிக்கப்படும். டெபியனில் அடிப்படை சி நூலகத்தைப் புதுப்பிக்கும்போது, எக்ஸ்ஸ்கிரீன்சேவர் அல்லது எக்ஸ்லாக்மோர் ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அவற்றை நிறுத்துங்கள், இல்லையேல் பயனர்கள் வெளியே மாட்டிக்கொள்வார்கள் என்று ஓர் எச்சரிக்கை வரும். பலரும் படிக்காமலே என்டர் தட்டிவிட்டுப் போகிற எச்சரிக்கை அது. கேடிஇ மேசைத்திரைச் சூழலைப் பயன்படுத்துபவர்கள் கறுப்புத் திரையில் வேறொரு செய்தியைப் பார்த்திருக்கலாம்: திரைப்பூட்டு பழுதாகிவிட்டது, இனி இங்கிருந்து திறக்க முடியாது, எழுத்து முனையத்துக்குப் போய் இந்தக் கட்டளையைக் கொடுங்கள் என்று.

ஆகவே எங்கள் ஆய்வகத்தில் புதுப்பிக்கும் வேலை நடக்கும்போது தானியங்கிப் பூட்டை நிறுத்திவைப்பேன். ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். முடிந்ததும் பூட்டு நிரலை மறுபடி தொடங்கவைப்பேன். முடிந்தால் கணினியையே ஒருமுறை அணைத்து இயக்குவேன். இரவில் தானாக அப்டேட் ஆகும்படி விட்டிருப்பவர்கள் காலையில் சரியான கடவுச்சொல்லோடு திண்டாடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அப்படி மாட்டிக்கொண்டால் பவர் பொத்தானை அழுத்திப் பிடிக்காதீர்கள். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்துத் தட்டினால் எழுத்து முனையம் வரும். அங்கே உள்நுழைந்து லாகின்சிடிஎல் கட்டளையால் அமர்வைத் திறக்கலாம். க்னோம், கேடிஇ இரண்டும் அதற்குச் செவிசாய்க்கும். ஐ3லாக் போன்ற எளிய பூட்டு என்றால் அந்த நிரலையே அங்கிருந்து நிறுத்த வேண்டும். சேமிக்காத வேலை பிழைத்துக்கொள்ளும்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. “சார், பாஸ்வேர்டு சரியாத்தான் போடுறேன், எடுக்கவே மாட்டேங்குது” என்று ஒரு மாணவி வந்து நின்றபோது அவளுடைய கீபோர்டு தமிழ்99இல் இருந்தது. பூட்டும் நேரத்தில் எந்த விசையமைப்பு இருந்ததோ அதுவேதான் பூட்டிய திரையிலும் தொடர்கிறது. கடவுச்சொல் பெட்டியில் தெரிவது வெறும் புள்ளிகள் என்பதால் உள்ளே விழுவது உயிர்மெய் என்று கண்டுபிடிக்க வழியில்லை. இன்னொரு சங்கடமும் சேர்ந்துகொள்ளும். பேமில் ஃபெயில்லாக் இருக்கும் கணினிகளில் மூன்று முறை தவறினால் பத்து நிமிடத்துக்குக் கதவடைப்பு. நான்காவது முறை ஆங்கிலத்துக்கு மாற்றிச் சரியாகவே போட்டாலும் ஏற்காது. கடவுச்சொல்லை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று பிள்ளைகள் பதறிப்போவார்கள்.

“பத்து நிமிஷம் பொறும்மா, எதையும் தட்டாதே” என்பதுதான் அப்போதைக்கு மருந்து. நிரந்தரத் தீர்வு, மொழி மாற்றும் விசையை எக்ஸ் சர்வரின் கீபோர்டு அமைப்பிலேயே வைப்பது. அங்கே வைத்தால் ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் பூட்டிய திரையிலும் மொழியை மாற்றும், ஏனென்றால் மாற்றுவது சர்வரே. வேறு ஒரு சிறு நிரலின் குறுக்குவழியாக வைத்திருந்தால், பூட்டு எல்லா விசைகளையும் தன்வசம் எடுத்துக்கொண்டபின் அந்த நிரலுக்கு எதுவும் போய்ச் சேராது. எந்த மொழியில் இருக்கிறோம் என்று பூட்டிய திரையிலேயே காட்டும் வசதி க்னோமிலும் கேடிஇயிலும் உண்டு. தமிழ் எழுதுபவர்கள் இருக்கும் இடத்தில் அது தெரியும்படி இருக்கிறதா என்று பாருங்கள். மென்பொருள் எழுதுகிற நம் பிள்ளைகள் யாராவது, அப்படிக் காட்டாத பூட்டுகளில் இதைச் சேர்க்க முன்வந்தால் பெரிய உதவியாக இருக்கும்.

பூட்டு விழவே வேண்டாம், போடப்படாமலேயே போகும் சந்தர்ப்பங்களும் இருக்கின்றன. எக்ஸ்11இல் ஏதாவது ஒரு மெனு திறந்தபடி இருந்தால் விசைகள் அந்த மெனுவின் பிடியில் இருக்கும்; பூட்டு நிரலால் அவற்றை வாங்க முடியாது. நேரம் கடந்துபோனாலும் திரை பூட்டாது. கீபோர்டைத் தன்வசம் வைத்துக்கொள்ளும் மெய்நிகர் கணினிச் சாளரங்களும் இப்படித்தான். படம் ஓடும்போது பூட்டாதே என்று வீடியோ பிளேயர் கேட்டுக்கொள்வது இன்னொரு காரணம். எழுந்து போகும்போது கையாலேயே பூட்டி, பூட்டிய திரை வந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போங்கள். திரை கறுப்பானதை வைத்து முடிவு செய்யாதீர்கள். திரையை அணைப்பதும் பூட்டுவதும் அமைப்புகளில் இரண்டு தனி நேரங்கள்.

மடிக்கணினியை மூடித் திறக்கும்போது ஒரு கணம் பழைய திரை தெரிந்து மறைகிறதா? உறங்கும் முன் பூட்டு போட்டு முடியவில்லை என்று பொருள். சிஸ்டம்டி உறங்கப்போகும் முன், வேலை முடிக்க அவகாசம் கேட்கும் நிரல்களுக்கு இயல்பாக 5 விநாடி வரை கொடுக்கும். அதைக் கேட்டு வாங்கத் தெரிந்த எக்ஸ்எஸ்எஸ்-லாக் போன்ற ஒன்றை இடையில் வைத்தால் போதும்.

ஸ்கிரீன்சேவர் படங்களைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பழைய குழாய்த் திரைகளில் ஒரே படம் நெடுநேரம் நின்றால் பாஸ்பரப் பூச்சில் தடம் விழும். அதைத் தடுக்கப் பிறந்தவை அவை. எல்சிடி திரைக்கு அந்தத் தேவை இல்லை. ஓஎல்இடி திரைக்குத் தடம் விழும் ஆபத்து மீண்டும் உண்டு, ஆனால் அங்கேயும் திரையை அணைத்துவிடுவதே மேல், மின்சாரமும் மிச்சம். எக்ஸ்ஸ்கிரீன்சேவரின் 200க்கும் மேற்பட்ட படங்கள் எனக்கு உயிர். ஆய்வகத்தில் கணிதத் துறை மாணவர்களுக்கு அவற்றின் வடிவங்களைக் காட்டியே பாடம் எடுத்திருக்கிறோம். ஆனாலும் பூட்டும் கணினிகளில் வெற்றுத் திரைதான்.

எந்தப் பதிப்பை வைத்துக்கொள்வது என்பதிலும் ஒரு முடிவு எடுக்க வேண்டும். 2016 ஏப்ரலில் ஜாவின்ஸ்கிக்கும் டெபியனுக்கும் இதில் பெரிய தகராறே நடந்தது. டெபியனின் நிலைப் பதிப்பில் இருந்தது 2014ஆம் ஆண்டின் எக்ஸ்ஸ்கிரீன்சேவர். அது மிகவும் பழையது என்று திரையிலேயே எச்சரிக்கை காட்டும்படி அவர் எழுதிவைத்திருந்தார். ஒழுங்காகப் புதுப்பிக்க முடியாவிட்டால் தொகுப்பிலிருந்தே எடுத்துவிடுங்கள் என்றும் சொன்னார். தான் எப்போதோ சரிசெய்துவிட்ட வழுக்களுக்குப் புகார் கடிதம் வந்துகொண்டே இருந்தால் யாருக்கும் அலுத்துப்போகும். டெபியன் தரப்பிலும் நியாயம் உண்டு: நிலைப் பதிப்பில் பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் எடுத்துப் பழைய நிரலில் ஒட்டுவது அவர்களின் முறை. நூறு மென்பொருள்களுக்கு அந்த முறை சரி. பூட்டுக்கு மட்டும் நான் எழுதியவரின் பக்கம் நிற்கிறேன். புதிய பதிப்பைத் தனியே கொண்டுவந்து சோதித்துப் போடுகிறேன்.

எக்ஸ்11க்கு மாற்றாக வேலண்ட் வந்தபின் அடித்தளமே மாறிவிட்டது. அங்கே திரையை ஆளும் காம்போசிட்டருக்கே பூட்டு என்றால் என்னவென்று தெரியும். இதற்கென வகுத்த நெறிமுறைப்படி பூட்டு நிரல் விழுந்தாலும் காம்போசிட்டர் எதையும் காட்டாது. காம்போசிட்டரே விழுந்தால் பெரும்பாலும் அமர்வு முழுவதும் முடிந்து உள்நுழைவுத் திரை வரும். வேலை போகும், ஆனால் வேறு யார் கண்ணிலும் படாது. புதிதாக வேலண்டுக்கு மாற்றும் கணினியில் நான் முதலில் செய்யும் சோதனை இதுதான்: திரையைப் பூட்டிவிட்டு, இன்னொரு கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே போய், ஓடிக்கொண்டிருக்கும் பூட்டு நிரலை வேண்டுமென்றே கொன்றுவிடுவேன். காம்போசிட்டர் ஸ்வே என்றால் திரை முழுவதும் சிவப்பாகி நிற்கும். அதே எஸ்எஸ்ஹெச்சிலிருந்து அதன் பூட்டு நிரலான ஸ்வேலாக்கை மறுபடி இயக்கினால் கடவுச்சொல் கேட்டுத் திறக்கும். மேசைத்திரை தெரிந்துவிட்டால் அந்தக் கணினி ஆய்வகத்துக்குள் வராது.